பதிவிறக்கும் கோப்பின் எக்ஸ்டென்ஷன் மாறிப்போனால்: எந்த வழியில் சரிசெய்வது?

புதிதாக ஒரு மென்பொருளை நிறுவிய மறுநாளிலிருந்து பதிவிறக்கும் கோப்புகள் எல்லாம் வேறு எக்ஸ்டென்ஷனோடு (பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின் நின்று கோப்பின் வகையைச் சொல்லும் வால்) வந்து சேர்கின்றன என்ற புகார் திருப்பூர், அவிநாசி, பெருந்துறை, கரூர் பக்கத்துச் சிறு அலுவலகங்களில் அடிக்கடி எழுகிறது. "பையர் அனுப்புன போட்டோவ எறக்குனா ஜேஎஃப்ஐஎஃப்னு வருதுங்க, திரும்ப ஏத்துனா போர்ட்டல் எடுத்துக்க மாட்டேங்குதுங்க" என்பார் வெளிநாட்டு பையரோடு, அதாவது வாங்குபவரோடு, ஆர்டர் விவரம் பேசும் ஒரு மெர்ச்சண்டைசர். "நேத்து வரைக்கும் பிடிஎஃப்பா இருந்ததெல்லாம் இன்னைக்குப் பிரவுசர் படமா மாறிப்போச்சுங்க" என்பார் ஒரு கணக்காளர். இருவருக்கும் கிடைக்கும் ஆலோசனை பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கிறது: ஃபார்மட் போட்டுவிடலாம், அதாவது எல்லாவற்றையும் அழித்து விண்டோஸைப் புதிதாக நிறுவிவிடலாம். ஆனால் இவ்விருவரின் கணினிகளுக்கும் வந்திருப்பது ஒரே கோளாறு அல்ல. இரண்டில் எதற்குமே ஃபார்மட் தேவையும் இல்லை. எந்தக் கோளாறுக்கு எந்த வழி பொருந்தும், ஒவ்வொரு வழியிலும் வெளியே தெரியாத செலவு என்ன என்பதை இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

தேர்ந்தெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

எல்லாவற்றுக்கும் முதலில், உண்மையில் எது மாறியிருக்கிறது என்பதைக் கண்டுகொள்ள வேண்டும். விண்டோஸ், தனக்குத் தெரிந்த வகைகளின் எக்ஸ்டென்ஷனை இயல்பாகவே மறைத்து வைத்திருப்பதால், நாம் பார்ப்பது பெயரின் பாதியும் ஒரு ஐகானும் மட்டுமே. விண்டோஸ் 11 என்றால் கோப்புறையைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போக வேண்டும். விண்டோஸ் 10 என்றால் வியூ பட்டையிலேயே அதற்கான பெட்டி இருக்கும். அதைத் தேர்வு செய்ததும் முழுப்பெயர் தெரியும். பெயர் பிடிஎஃப் என்றே முடிந்து, ஐகான் மட்டும் மாறியிருந்தால் கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைத் திறக்கும் மென்பொருள் மட்டுமே மாறியிருக்கிறது. பெயரின் வாலே மாறியிருந்தால் கோப்பைச் சேமித்த இடத்தில் தவறு நடந்திருக்கிறது. மூன்றாவது நிலை ஒன்றும் உண்டு: பெயரில் இருப்பது ஒன்று, உள்ளே இருப்பது வேறொன்று.

அந்த மூன்றாவது நிலையைக் கண்டுபிடிக்க நோட்பேட் போதும். கோப்பை வலது கிளிக் செய்து, ஓப்பன் வித் வழியாக நோட்பேடில் திறந்து, முதல் வரியை மட்டும் பாருங்கள். உண்மையான பிடிஎஃப் கோப்பு ஒரு சதவீதக் குறியோடும் பிடிஎஃப் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளோடும் தொடங்கும். எக்செல்லின் இப்போதைய எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பும், வேர்டின் டாக்எக்ஸ் கோப்பும், ஜிப் கோப்பும் பி, கே என்ற இரண்டு எழுத்துகளோடு தொடங்கும். ஏனெனில் அவை மூன்றுமே ஜிப் கட்டமைப்புதான். படக் கோப்பு என்றால் தொடக்கத்திலேயே பிஎன்ஜி என்றோ, ஜேஎஃப்ஐஎஃப் அல்லது எக்சிஃப் என்றோ தென்படும். வலைப்பக்கக் குறியீடாகிய எச்டிஎம்எல் தெரிந்தால், நீங்கள் கேட்ட ஆவணத்துக்குப் பதிலாக சர்வர் ஒரு லாகின் பக்கத்தையோ பிழைச் செய்தியையோ அனுப்பியிருக்கிறது என்று பொருள். பார்த்து முடித்ததும் சேமிக்காமல் மூடிவிட வேண்டும். நோட்பேடில் சேமித்தால் கோப்பு கெட்டுப்போகும்.

அடுத்து, கோளாறு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்ற கேள்வி. அதே கோப்பை அலுவலகத்தின் வேறொரு கணினியில் இறக்கிப் பாருங்கள். அங்கும் இதே கதை என்றால் தவறு சர்வரிடம் இருக்கிறது, உங்கள் கணினியில் கைவைக்க வேண்டியதில்லை. உங்கள் கணினியில் மட்டும் என்றால், குரோமின் இன்காக்னிட்டோ சாளரத்தில் இறக்கிப் பாருங்கள். அங்கே கூடுதல் செருகுநிரல்கள் இயல்பாக ஓடாது என்பதால், அங்கு சரியாக வந்தால் புதிய மென்பொருள் பிரவுசரில் செருகிய ஏதோ ஒன்றுதான் காரணம். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் ஒரே தவறு வந்தால் விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைத்திருக்கும் பதிவேடாகிய ரெஜிஸ்ட்ரியைச் சந்தேகிக்கலாம். குரோமுக்கு மாற்றாக எட்ஜில் சோதிப்பதால் அதிகம் தெரியவராது. இரண்டும் ஒரே குரோமியம் அடித்தளத்தில் ஓடுபவை.

இவற்றுக்குப் பிறகு அளவுகோல்கள் எளியவை. இது என்றோ ஒருநாள் வரும் தொல்லையா, நாள்தோறும் பல கோப்புகளில் வருவதா? செய்த திருத்தம் நிலைக்குமா, மென்பொருள் அடுத்த முறை அப்டேட் ஆகும்போது பழையபடி ஆகிவிடுமா? நிர்வாகி உரிமை வேண்டுமா? திருத்தப் போய் வேறு எது கெடும்? அலுவலகத்தில் இன்று என்ன தேதி என்பதும் ஓர் அளவுகோலே. மாதம் 15-க்குள் பிஎஃப் கணக்கின் மாதாந்திர அறிக்கையான இசிஆர் ஏற்ற வேண்டும், மாதாந்திரக் கணக்கு என்றால் 20-க்குள் ஜிஎஸ்டி அறிக்கையான ஜிஎஸ்டிஆர் 3பி முடிக்க வேண்டும். அந்த நாட்களில் பெரிய சிகிச்சை எதையும் தொடங்கக் கூடாது.

எல்லா வழிகளுக்கும் மேலான எச்சரிக்கை ஒன்று உண்டு. பிடிஎஃப் எதிர்பார்த்த இடத்தில் இஎக்ஸ்இ என்று முடியும் கோப்பு வந்தால் அதை ரீநேம் செய்யவோ திறந்து பார்க்கவோ கூடாது, அழித்துவிட வேண்டும். ஏற்றுமதி அலுவலகங்களுக்கு "இன்வாய்ஸ்" என்ற பெயரில் வரும் ஏமாற்று மின்னஞ்சல்களில், பிடிஎஃப் என்று நடுவில் போட்டு இஎக்ஸ்இ என்று முடியும் இரட்டை வால் பழைய தந்திரம். எக்ஸ்டென்ஷன் மறைந்திருக்கும் கணினியில் அந்தக் கடைசி வால் கண்ணுக்கே தெரியாது.

வழி 1: பெயரை மட்டும் மாற்றிவிடுவது

உள்ளடக்கம் சரியாக இருந்து வால் மட்டும் தவறாக இருக்கும்போது, எஃப்2 அழுத்தி வாலைத் திருத்திவிட்டால் வேலை முடிந்தது. ஜேஎஃப்ஐஎஃப் என்று வரும் படம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜேபிஜி என்று நாம் அழைக்கும் படங்களை அடக்கி வைக்கும் உறையின் பெயர்தான் அது. ஆகவே வாலை ஜேபிஜி என்று மாற்றினால் படத்தின் தரம் துளியும் குறையாது. ஒரு கோப்புறை நிறைய இருந்தால், அந்தக் கோப்புறையின் முகவரிப் பட்டையில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் தட்டி, வரும் கறுப்புச் சாளரத்தில் பெயர் மாற்றும் ரென் (ren) கட்டளையை ஒரு வரி கொடுத்தால் எல்லாமே ஒரேயடியாக மாறிவிடும்.

நிர்வாகி உரிமை வேண்டாம், வேறு எதுவும் கெடாது, ஒரு நிமிட வேலை. மறைந்திருக்கும் செலவு இரண்டு இடத்தில் இருக்கிறது. எக்ஸ்டென்ஷனைக் காட்டும்படி வைக்காமல் ரீநேம் செய்தால், ஜேபிஜி என்று நாம் தட்டியது பெயரின் நடுவில் நின்று, பழைய வால் மறைவில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். போர்ட்டல் மறுபடியும் நிராகரிக்கும், காரணமும் புரியாது. இரண்டாவது, பெயரை மாற்றுவது வகையை மாற்றுவதாகாது. வெப்பி (WebP) என்ற வகையில் வந்த படத்துக்கு ஜேபிஜி என்று பெயர் வைத்தாலும் அது உள்ளே வெப்பியாகவே இருக்கும். சில மென்பொருள்கள் திறக்கும், லேபிள் அச்சடிப்பவரின் மென்பொருள் திறக்காமல் போகலாம். அதை பெயிண்டில் திறந்து சேவ் ஆஸ் கொடுத்து ஜேபெக் வகையில் சேமிப்பதே முறை.

அவசர நாளில், சில கோப்புகளுக்கு மட்டும் என்றால் இந்த வழியே போதும். நாள்தோறும் செய்ய வேண்டியிருந்தால் நோய் வேறு இடத்தில் இருக்கிறது.

வழி 2: திறக்கும் மென்பொருளை மாற்றுவது

முன்னே சொன்ன கணக்காளரின் கோளாறு இது. பெயர் பிடிஎஃப் என்றே இருக்கிறது. ஐகான் மட்டும் பிரவுசருக்குப் போய்விட்டது. செட்டிங்ஸில் ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் என்று போய், விண்டோஸ் 11-இல் மேலே உள்ள பெட்டியில் அந்த எக்ஸ்டென்ஷனைத் தட்டினால், இப்போது எந்த மென்பொருள் அதைத் திறக்கிறது என்று காட்டும், வேண்டியதைத் தேர்ந்தெடுத்துவிடலாம். கோப்பின் மேலேயே வலது கிளிக் செய்து, ஓப்பன் வித்தில் வேண்டியதைத் தேர்ந்து, எப்போதும் என்று கொடுத்தாலும் அதே பலன்.

2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல், பயனர் தேர்ந்த இந்த விருப்பத்தை விண்டோஸ் ஒரு பாதுகாப்புக் குறியீட்டோடு பூட்டி வைக்கிறது. ரெஜிஸ்ட்ரியில் நேராகப் போய் இந்த விருப்பத்தை மாற்ற முயன்றால், குறியீடு பொருந்தாததால் விண்டோஸ் அதை ஏற்காது. எனவே இந்த வகைக் கோளாறுக்கு ரெஜிஸ்ட்ரி வேலை வீண். செட்டிங்ஸ் வழியே சரியான வழி.

அதே பக்கத்தின் அடியில் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோகும் ரீசெட் பொத்தான் ஒன்று இருக்கிறது. அதைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வகையைச் சரிசெய்யப் போய் பிரவுசர், மின்னஞ்சல், படம், வீடியோ எல்லாமே மைக்ரோசாஃப்ட் மென்பொருள்களுக்கு மாறிவிடும். கடந்த சில ஆண்டுகளில் ஊழியர் ஒவ்வொருவரும் தம் வேலைக்கேற்ப வைத்திருந்ததை மறுபடி ஒவ்வொன்றாக அமைக்க வேண்டிவரும்.

வழி 3: பிரவுசரில் சரிசெய்வது

இன்காக்னிட்டோவில் சரியாக வருகிறது, சாதாரணச் சாளரத்தில் தவறாக வருகிறது என்றால் பிரவுசரின் செருகுநிரல்களைக் காட்டும் எக்ஸ்டென்ஷன்ஸ் பக்கத்தைத் திறந்து, புதிதாக வந்து உட்கார்ந்திருப்பதை அணைத்துப் பார்க்க வேண்டும். பல டவுன்லோடு மேனேஜர்கள் தம்மை நிறுவும்போதே பிரவுசரில் ஒரு செருகுநிரலையும் சேர்த்துவிடுகின்றன. அவை பிரவுசரிடமிருந்து பதிவிறக்கத்தைப் பிடுங்கித் தாமே மறுபடி கேட்கும்போது, லாகின் செய்த நிலை கூடவே போகாததால், சர்வர் ஆவணத்துக்குப் பதில் லாகின் பக்கத்தை அனுப்பிவிடுவதுண்டு. ஜிஎஸ்டி, வங்கி, பிஎஃப் என்று லாகின் செய்து மட்டுமே இறக்கக்கூடிய தளங்களில் இந்த விபத்து நடக்க வாய்ப்பு அதிகம். ஜேசன் (JSON) என்ற தரவுக் கோப்பு வர வேண்டிய இடத்தில் எச்டிஎம் வால் வந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். மேனேஜரை முழுவதும் நீக்க மனமில்லை என்றால், அதன் அமைப்புகளில் அந்தத் தளங்களை விலக்குப் பட்டியலில் சேர்க்க இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபயர்ஃபாக்ஸ் பயன்படுத்துவோருக்கு இன்னொரு இடமும் உண்டு. எந்த வகைக் கோப்பை என்ன செய்வது என்ற குறிப்பை அது தன் புரொஃபைல் கோப்புறையில் ஹேண்ட்லர்ஸ் என்ற ஜேசன் கோப்பில் எழுதி வைத்திருக்கிறது. ஃபயர்ஃபாக்ஸை மூடிவிட்டு அந்தக் கோப்புக்கு மட்டும் வேறு பெயர் கொடுத்துவிட்டால், மறுபடி திறக்கும்போது புதிய கோப்பு ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும். கடவுச்சொல், புக்மார்க் எதுவும் போகாது.

குரோமில் உள்ள ரீசெட் செட்டிங்ஸ் வசதியும் புக்மார்க்கையும் சேமித்த கடவுச்சொல்லையும் தொடாது. ஆனால் குக்கிகளை அழித்து, எல்லாச் செருகுநிரல்களையும் அணைத்துவிடும். லாகின் செய்து வைத்திருந்த எல்லாத் தளங்களும் மறுபடி ஓடிபி கேட்கும். அந்த ஓடிபி முதலாளியின் கைப்பேசிக்குப் போகும், முதலாளி ஈரோட்டில் மண்டியில் இருப்பார் என்றால் அரை நாள் வேலை நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு செருகுநிரலாக அணைத்துப் பார்ப்பதே மேல்.

வழி 4: ரெஜிஸ்ட்ரியில் ஒரு சொல்லைத் திருத்துவது

பலர் அஞ்சி ஒதுக்குவதும், மெர்ச்சண்டைசரின் கோளாறுக்கு நேரான மருந்தும் இதுவே.

சர்வர் ஒரு கோப்பை அனுப்பும்போது அதன் வகையையும் மைம் என்ற முறையில் கூடவே சொல்லி அனுப்புகிறது. பெயரில் வால் தெளிவாக இல்லாதபோது, இந்த வகைக்கு எந்த வாலை ஒட்ட வேண்டும் என்று பிரவுசர் விண்டோஸைக் கேட்கிறது. விண்டோஸ் அதற்கான விடையை ரெஜிஸ்ட்ரியில் வைத்திருக்கிறது. ஏதோ ஒரு மென்பொருளோ, விண்டோஸின் அப்டேட்டோ அந்த விடையை மாற்றி எழுதிவிட்டால், அதன் பிறகு அந்த வகையில் இறங்கும் கோப்புகள் தவறான வாலோடு வரத் தொடங்கும்.

விண்டோஸ் விசையையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்தி ரெஜ்எடிட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் அந்தச் சாளரம் திறக்கும். இடப்பக்கத்தில் எச்கீ கிளாசஸ் ரூட், அதன் உள்ளே மைம், டேட்டாபேஸ், கன்டென்ட் டைப் என்று இறங்கினால் நீண்ட பட்டியல் ஒன்று விரியும். அதில் இமேஜ் சாய்கோடு ஜேபெக் என்ற வரியைச் சொடுக்கினால், வலப்பக்கத்தில் எக்ஸ்டென்ஷன் என்று ஒரு பெயரும், அதன் எதிரில் புள்ளி வைத்து ஜேஎஃப்ஐஎஃப் என்ற மதிப்பும் நிற்பதைக் காணலாம். அதை இரட்டைச் சொடுக்குச் செய்து, புள்ளி ஜேபிஜி என்று மாற்றி, ஓகே கொடுத்து, பிரவுசரை மூடித் திறந்தால் அடுத்த படம் ஜேபிஜியாக இறங்கும். கணினியைக் கடைக்குக் கொண்டுபோக வைத்த தொல்லை அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

தொடுவதற்கு முன் அந்த வரியின் மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகலைச் சேமித்து வைக்க வேண்டும்; தவறு நேர்ந்தால் அந்த நகலை இரட்டைச் சொடுக்குச் செய்து பழைய நிலைக்குத் திரும்பலாம். நிர்வாகி உரிமை கட்டாயம் வேண்டும். பட்டியலில் பக்கத்து வரியைத் தொட்டுவிடாமல் இருக்கும் கவனமும் வேண்டும். அதே மென்பொருள் அடுத்து அப்டேட் ஆகும்போது பழைய மதிப்பையே எழுதிவிடக்கூடும் என்பதால், செய்த திருத்தத்தை ஒரு தாளில் எழுதிக் கணினி அருகில் ஒட்டி வைப்பது நல்லது. ரெஜிஸ்ட்ரியைச் "சுத்தம்" செய்து தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களை இதற்காக நிறுவ வேண்டாம்; ஒரு புதிய மென்பொருளால் வந்த தொல்லைக்கு இன்னொன்றைக் கொண்டுவருவது அறிவுடைமை அன்று.

நாள்தோறும் ஐம்பது படம் இறக்கி ஏற்றும் மேசையில் இந்த வழிக்கு ஈடு கிடையாது.

வழி 5: புதிய மென்பொருளை நீக்குவது, அல்லது சிஸ்டம் ரீஸ்டோர்

எதை நிறுவியதால் வந்ததோ அதை நீக்கினால் சரியாகிவிடும் என்று நினைப்பது இயல்பு. பாதி வேளைகளில் அப்படி ஆவதில்லை. மென்பொருள் போய்விடும், அது எழுதிவிட்டுப் போன மதிப்பு அங்கேயே கிடக்கும். அப்போது கோப்பைத் திறந்தால் எதில் திறப்பது என்று விண்டோஸ் கேட்கத் தொடங்கும். நீக்கும் முன், அந்த மென்பொருளின் சொந்த செட்டிங்ஸில் கோப்பு வகைகளின் பட்டியல் இருக்கிறதா என்று பார்த்து, அங்கே டிக்குகளை எடுத்துவிட்டு நீக்கினால் பெரும்பாலும் தடயம் இராது.

சிஸ்டம் ரீஸ்டோர் இதைவிட ஆழமானது. ரெஜிஸ்ட்ரியையே பழைய நாளுக்குக் கொண்டுபோகும். உங்கள் ஆவணங்களைத் தொடாது. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு நிறுவிய மற்ற மென்பொருள்களும் டிரைவர்களும் சேர்ந்தே போகும். போன வாரம் வாங்கிய டிஜிட்டல் கையொப்ப டோக்கனின் டிரைவரும், லேபிள் பிரிண்டரின் டிரைவரும் அதில் அடக்கம். தொடங்கும் முன் ஸ்கேன் ஃபார் அஃபெக்டட் புரோகிராம்ஸ் என்ற பொத்தானை அழுத்தினால் எவை போகும் என்று முன்கூட்டியே காட்டும். அதைப் படிக்காமல் மேலே போகக் கூடாது. இன்னொன்று, பல கணினிகளில் இந்த வசதி அணைந்தே கிடக்கிறது, திரும்பிப் போக ஒரு நாளே இராது. ஒரே வகை அன்றிப் பல வகைகள் ஒரே நாளில் குழம்பிப்போனபோது, அதுவும் நிறுவிய ஓரிரு நாட்களுக்குள் என்றால், இது நல்ல தேர்வு. மாதக்கணக்கில் கழிந்த பிறகு இதை நாடுவது இலாபமில்லை.

வழி 6: ஃபார்மட்

கோளாறு போகும் என்பதில் ஐயமில்லை. கடைக்காரர் வாங்கும் கூலி அதன் உண்மையான செலவில் சிறு பகுதியே. கணக்கு மென்பொருளான டேலியின் உரிமத்தை முன்பே சரண்டர் செய்யாமல் அழித்தால் அதை மறுபடி உயிர்ப்பிக்கும் வேலை, ஜிஎஸ்டி தளத்தில் கையொப்பமிடப் பயன்படும் எம்சைனர், டோக்கன் டிரைவர், எம்பிராய்டரி மென்பொருளைத் திறக்கும் சாவியாகச் செருகும் டாங்கிள், பழைய கடிதங்களைத் திறக்கத் தேவைப்படும் பாமினி எழுத்துரு என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். அதுவும் தேவைப்படும் நாளில்தான் வரும். டெஸ்க்டாப்பில் வைத்திருந்த கோப்புகள் சி டிரைவில்தான் இருக்கின்றன என்பதை மறந்து இழந்தவர்கள் பலர்.

எக்ஸ்டென்ஷன் கோளாறோடு, அறியாத விளம்பரச் சாளரங்கள் தானே திறப்பது, ஆன்டிவைரஸ் தானே அணைந்துபோவது போன்றவையும் சேர்ந்திருந்தால், அது தீய மென்பொருளின் வேலையாக இருக்கலாம். அங்கே ஃபார்மட் நியாயமானது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், எப்படியும் விண்டோஸ் 11-க்கு மாற வேண்டிய கணினி என்றால் இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துக்கொள்ளலாம். இவ்விரண்டும் இல்லாமல், எக்ஸ்டென்ஷனுக்காக மட்டும் ஃபார்மட் செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

வழி 7: கணினியில் எதையும் தொடாமல் விடுவது

வங்கித் தளத்திலிருந்து எக்ஸ்எல்எஸ் என்று இறக்கிய ஸ்டேட்மென்ட்டைத் திறக்கும்போது, கோப்பின் வகையும் எக்ஸ்டென்ஷனும் பொருந்தவில்லை என்று எக்செல் எச்சரிப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். புதிய ஆஃபீஸ் நிறுவிய பிறகு இதை முதன்முதலாகப் பார்ப்பவர்கள் புதிய மென்பொருளைக் குறை சொல்கிறார்கள். நோட்பேடில் திறந்து பார்த்தால் உள்ளே வெறும் எழுத்துப் பட்டியலோ எச்டிஎம்எல் அட்டவணையோ இருக்கும். அந்தத் தளமே அப்படித்தான் பெயரிட்டு அனுப்புகிறது. எந்தக் கணினியில் இறக்கினாலும் அப்படித்தான் வரும். உங்கள் வங்கியின் சொந்தத் தளத்தில் நீங்களே லாகின் செய்து இறக்கியது என்பது உறுதியானால் யெஸ் கொடுத்துத் திறந்து, சேவ் ஆஸ் வழியாக எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வகையில் சேமித்து, அந்தப் பிரதியை ஆடிட்டருக்கு அனுப்புங்கள். மின்னஞ்சலில் யாரோ அனுப்பிய கோப்பு இதே எச்சரிக்கையைக் காட்டினால் நோ கொடுத்து மூடிவிட்டு, அனுப்பியவரைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத் திறங்கள்.